அர்ச்சுனன் கேட்ட ஐந்து நிமிஷம்

அர்ச்சுனனால் முட்டிக்குக் கீழே குனிய முடியவில்லை. கட்டு அவிழ்த்துப் பத்து நாளாகிவிட்டது. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையை மெல்ல இறக்குகிறான், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை மேஸ்திரி பார்ப்பார். எங்கள் பீங்கான் பட்டறையில் சூளை வாசல் இடுப்புயரம்தான். கோப்பைகள் அடுக்கிய மண்பெட்டியோடு அவன் குனிந்து நுழைந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் வேறு ஆள் தயார்.

பட்டறை சடுகுடு டீமுக்கு நான்தான் கேப்டன். இந்த எழுபத்திரண்டாம் வருஷம் கிடைத்த அந்தப் பதவி எனக்குக் கொடுத்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததும் மணிமுத்தாற்று மணலில் நூறு தண்டால், நூறு பஸ்கி. மூச்சு வாங்கினால்தான் பயிற்சி என்பது என் கட்சி. அர்ச்சுனன் மட்டும் ஓரமாக நின்று காலை அகட்டி, இடுப்பை வளைத்து, தொடையை இழுத்து விட்டுக்கொண்டிருப்பான். நெய்வேலியில் கூலி வேலை பார்த்தபோது ஒரு டிரில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததாம். "என்னடா, சலங்க எடுத்தாரட்டா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், ஆனால் விடமாட்டான்.

பெண்ணாடம் ஆட்டத்தன்று பஸ் லேட். நாங்கள் இறங்கும்போதே விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அஞ்சு நிமிஷம் குடு. ஒடம்பு கட்டையாட்டம் இருக்குது" என்றான்.

"ஆடுனா தானா எளகும். எறங்குடா" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

முதல் தடவை பாடிப்போய், எதிராளியைத் தொடக் காலை வீசியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது. பச்சைக் கோப்பையை நிழலில் காயவைக்காமல் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும் என்று தினமும் பத்துப் பேரிடம் கத்துகிறவன் நான். பாவி, மனுஷனை அப்படியே ஏற்றிவிட்டேன்.

இதை அவன் பெண்டாட்டி ஆதிலட்சுமியிடம் சொல்லிவிடத்தான் இன்று வந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"நல்லா கேளுங்கண்ணே இவர. ஒடம்ப வளச்சிட்டு எறங்குடான்னு நீங்க படிச்சிப் படிச்சி சொன்னீங்களாமே. இவருதான் வீம்புக்கு எறங்குனாராம். இவரே சொன்னாரு."

அர்ச்சுனனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மை தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டீதான் உள்ளே போனது. தூ, நானெல்லாம் ஒரு கேப்டன்!

"வெள்ளிக்கெழமக்குள்ள நீங்களே சொல்லிக் குடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கிண்டல் செய்த நாளில் ஒரு நாளாவது கவனித்துப் பார்த்திருந்தால்தானே! டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"மொதல்ல மூச்ச வுடு" என்றான் அர்ச்சுனன், உதடு அசையாமல். "அப்பறம் குனி. வெடுக்குனு குனியாத."

"மொதல்ல மூச்ச வுடுடா. அப்பறம் குனி. வெடுக்குனு குனியாத" என்றேன் நான், அவளுக்குக் கேட்கும்படி.

இருவரும் குனிந்தோம். என் தொடையே விண்ணென்று தெறித்தது.

"எண்ணு மச்சான்" என்றான் அதே குரலில்.

உரக்க எண்ணினேன். ஆறு என்னும்போது ஆதிலட்சுமி நிம்மதியாக உள்ளே போய்விட்டாள். பத்தும் முடிந்தது. இருவரும் நிமிராமல், தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றோம்.