அணைச்சிடுங்க

என் மாமியாருக்கு நடந்தது எதுவும் மனதில் நிற்காது. என் கணவருக்கு அர்த்தம் எதுவும் நிற்காது. இரண்டும் மறதிநோய்தான், வகை வேறு என்றார் டாக்டர். அத்தைக்கு இப்போது சாப்பிட்டது இப்போதே மறந்துவிடும். ஆனால் கத்தியைக் கண்டால் கத்தி என்று தெரியும். வயர்மேனாக இருந்த இவருக்கு நேற்று நான் கட்டிய புடவைகூட நினைவிருக்கும், கத்தியைக் கொடுத்தால் "இது எதுக்கு?" என்பார். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் என்று கணக்குப் போட்டு, வீட்டில் விட்டுவிட்டு டிக்கெட் கவுன்டரில் வந்து உட்கார்ந்த அறிவாளி நான்.

போன் அடித்தது. இவர்தான். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

"அம்மா ஏதோ பண்ணிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. கீழ நீலமா ஆடுது. மேல கறுப்பா, வட்டமா ஒண்ணு. அதுலேர்ந்து வெள்ளையா வருது. அழகா இருக்கு."

எண்ணெய்ச் சட்டி!

"ஐயையோ, அடுப்ப அணைச்சிடுங்க!"

"அடுப்புன்னா?"

"அந்த நீலம்! சீக்கிரம் அணைங்க!"

"அணைக்கவா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

போன வாரம் நான் அழுதபோது, இவர் கைகளை எடுத்து என் தோளில் போட்டு, "இப்படி அணைச்சுக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தவள் நானேதான். இவரிடம் மிச்சமிருக்கும் 'அணை' அது ஒன்றுதான்.

"வேண்டாம்! கிட்டப் போகாதீங்க! அம்மாவக் கையப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போங்க!"

"கோவமா?"

"இல்ல ராசா, போங்க!"

செருப்புச் சத்தம். பிறகு அத்தையின் குரல். "எதுக்குடா இழுக்கிற?" இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டார்கள். "எங்கடா போறோம்?" என்றார் அத்தை. "நிக்காதீங்க, போங்க!" என்று நான் போனில் கத்த, மறுபடி செருப்புச் சத்தம்.

"அடப்பாவிகளா, எண்ணெய் புகையுது!" டக்கென்று திருகும் சத்தம். "எவ இத அடுப்புல வச்சிட்டுப் போனா? அவளாத்தான் இருக்கும், என் மருமக!"

திட்டட்டும், மகராசி. கவுன்டரை மூடிவிட்டு ஓடினேன்.

சமையலறை முழுக்கப் புகை. இவர் அத்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அணைச்சிட்டேன்," என்றார் பெருமையாக. "நீ சொன்னல்ல?"

வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"விடுடா," என்று அத்தை நெளிந்தார். "பசிக்குது. சட்டியில எண்ணெய்கூட இருக்கு. பத்த வைக்கிறேன்."

இவர் கை தளர்ந்தது.

"விடாதீங்க!" என்று கத்தினேன். "அணைச்சுக்கிட்டே இருங்க!"

இவர் மறுபடி இறுக்கிக்கொண்டார். நான் குனிந்து சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றினேன்.