பிணை நின்றவன் முதுகு

என் மகன் சிங்காரம் என்னை அடித்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழவேற்காடு தொடங்கி திருப்பாலைவனம் வரைக்கும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததைச் சொல்ல உரிமையுள்ளவன் அடி வாங்கிய நான்தான்.

ஒல்லாந்தர் கோட்டையில் ஏற்றும் சரக்கை, சுலுப்பு என்கிற ஒற்றைப் பாய்மரக் கப்பல்கள் ஏரியைக் கடந்து முகத்துவாரம் வழியாக வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். பெரிய கப்பல்கள் அங்கேதான் நங்கூரமிட்டு நிற்கும். முகத்துவாரத்தில் மணல் நிலையாக இருக்காது. வழி அறிந்தவன் சுக்கான் பிடித்தால்தான் கப்பல் பிழைக்கும். மூன்று தலைமுறையாக அந்த வேலை எங்கள் வீட்டில் இருந்தது. என் கண் மங்கியதும் சிங்காரம் அதற்கு நின்றான். வயது இருபத்திரண்டு. தோணிரேவு ராமனும் போட்டிக்கு நின்றான். மணல் தட்டாமல் ஒரு கப்பலைக் கடத்திக் காட்டுகிறவனுக்கே வேலை என்றார் துறை அதிகாரி. முதல் வாய்ப்பு சிங்காரத்துக்கு.

முதல் தடவை சுக்கான் பிடிப்பவனுக்கு வீட்டுப் பெரியவர் பிணை நிற்பது எங்கள் கரை வழக்கம். அவரும் கப்பலில் ஏற வேண்டும். அவன் பிழை செய்தால் அடி அவர் முதுகில் விழும். என் முதல் நாளில் கப்பல் மணலில் தட்டியது. பிணை நின்ற என் நைனா திருக்கை மீன் வாலால் பன்னிரண்டு அடி வாங்கினார். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் மணலில் தட்டியதில்லை.

வழி காட்டும் பனங்கம்புகளை இந்த வருடமும் நானே நட்டேன். எட்டு நாள் கழித்து இரண்டு நாள் அடைமழை. ஏரி பொங்கி முகத்துவாரத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. மணல் இடம் மாறிவிட்டது, கம்பைப் பிடுங்கி மாற்றி நட வேண்டும் என்றான் சிங்காரம். கோட்டையார் வந்து பார்த்துவிட்டுப் போன கம்பு. அதைப் பிடுங்கினால் ராமன் வீட்டார் சிரிப்பார்கள். முடியாது என்றேன்.

மறுநாள் ஏறினோம். அடியில் நூற்று நாற்பது பீப்பாய் வெடிமருந்து. முகத்துவாரத்தில் அலை ஆள் உயரம் எழுந்து உடைந்தது. முதல் கம்பு நெருங்கியதும் சிங்காரம் சுக்கானைத் தெற்கே தள்ளினான். கம்புகள் எங்களுக்கு இடப்பக்கம் ஒதுங்கின. கப்பல் தலைவன் கைத்துப்பாக்கியை உருவி அவன் பிடரியில் வைத்தான். சிங்காரம் கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

"கம்புக்கு நடுவுல போடா" என்றேன்.

"தண்ணி நெறத்த பாரு நைனா. அங்க ஆழம் இல்ல."

"அது நான் நட்ட கம்பு."

"நட்டது நீ. மணலு உன்னக் கேட்டுக்கினா நவுந்துச்சு?"

மாலுமிகள் சிரித்தார்கள். துடுப்பை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் இரண்டு தெறித்தது. அவன் சுக்கானை விடவில்லை. நான் சுக்கானைப் பிடுங்கப் பாய்ந்தேன். கப்பல் சாய்ந்து ஒரு மாலுமியை அலை புரட்டியது. அவன் விலா கட்டையில் மோதி முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்போதுதான் சிங்காரம் என் நெற்றிப்பொட்டில் குத்தினான். விழுந்தேன்.

"இவர மரத்துல கட்டுங்க. சுக்கான் என் கையில இருக்கச்சொல்ல இங்க அப்பன் புள்ள கெடையாது" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

என்னைப் பாய்மரத்தில் வைத்து இறுக்கினார்கள். கயிறு தோலை அறுத்தது. அலை பின்வாங்கியபோது என் கம்புகளுக்கு நடுவே மணல் ஆமை முதுகு போல மேலே வந்தது. அடுத்த அலை அதில் மோதிச் சிதறியது. நாங்கள் பக்கத்திலேயே, ஆழத்தில், போய்க்கொண்டிருந்தோம். துப்பாக்கி உறைக்குள் போனது.

வேலை சிங்காரத்துக்கு உறுதியானது. மறுநாள் உச்சி வெயிலுக்குள் அடுத்த சுலுப்பைக் கடத்த வேண்டும். கோட்டையில் கொடி ஏறினால் அவன் போயாக வேண்டும்.

ஆனால் அந்த மறுநாள் காலையிலேயே ராமன் ஊரைக் கூட்டிவிட்டான். "பெரியவர கருவாடு மாதிரி கயித்துல கட்டி இட்டாந்தான்பா, நல்ல புள்ள" என்றான். கூட்டம் சிரித்தது. ஊர்த் தலைவரான பெரிய நாட்டார் தெய்வசிகாமணி தீர்ப்புச் சொன்னார். பெற்றவனை அடித்த கைக்குத் திருக்கை வாலால் பன்னிரண்டு அடி. அடிபட்ட தகப்பனே அடிக்க வேண்டும்.

அந்த வாலால் அடிபட்ட கை ஒரு மாதம் எதையும் பிடிக்காது. அதற்குள் சுக்கான் ராமன் கைக்குப் போய்விடும். சிங்காரம் வீங்கிய வாயோடு வந்து கையை நீட்டினான்.

வாலை வாங்கினேன். வேட்டியை இறுக்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைத் திருப்பி நின்றேன்.

"கப்பல்ல ஏறினதுலேந்து கரையில இறங்குற வரைக்கும் நான் அவனுக்குப் பிணை. அவன் செஞ்ச எல்லாத்துக்கும் என் முதுகுதான்" என்றேன்.

"அடிபட்டவனே திருப்பியும் அடிபடணுமா? இன்னாய்யா நியாயம் இது?" என்றார் தெய்வசிகாமணி.

வழக்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

வாலை ராமனிடம் நீட்டினேன். மெதுவாக அடித்தால் உன் வீட்டுக்குத்தான் இழிவு என்றும் சொன்னேன். அவன் மெதுவாக அடிக்கவில்லை. மூன்றாவது அடியில் தோல் உரிந்து ரத்தம் இடுப்புக்கு வழிந்தது. நான்காவது அடிக்கு ஓங்கிய கையைச் சிங்காரம் பாய்ந்து பிடித்து முறுக்கினான். ராமன் மண்டியிட்டான். இன்னும் ஒரு திருகலில் எலும்பு போயிருக்கும். அதற்குள் கோட்டையில் கொடி ஏறியது.

"அவன விடு. கப்பல் நிக்குது, போ" என்றேன்.

விட்டான். போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு அவமானம்.

பன்னிரண்டும் விழுந்தது. நானும் வாய் திறக்கவில்லை. அடி முடிந்து கரையிலேயே உட்கார்ந்திருந்தபோது சுலுப்பின் பாய் முகத்துவாரத்தில் கம்புகளுக்கு நடுவே நுழைவது மங்கலாகத் தெரிந்தது. அன்று விடிந்ததும், ஊர் கூடுவதற்கு முன்னால், சிங்காரம் கை காட்டிய இடத்தில் அந்தக் கம்புகளை மாற்றி நட்டவன் நான். நான் பிடுங்கி நட்டதை ராமன் வீட்டார் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.