ஏறி வந்த வழி

கெட்டவன் ஒருவன் ஏமாற்றியிருந்தால் அருணகிரி நாலு வசவு வைதுவிட்டு அன்றைக்கே மறந்திருப்பான். ஏமாற்றியவர் நல்ல மனிதர். அவன் வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் மனைவி காந்தா போட்ட சாமைச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அதனால்தான் இன்றுவரை அவனுக்கு மனசு ஆறவில்லை.

நெல்லிவாசல்நாட்டு மலைப் பக்கம் இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு சிற்றூரின் பூசாரி அருணகிரி. பூசாரி என்றதும் பட்டு வேட்டியும் தட்டில் விழும் காசும் நினைவுக்கு வந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வேங்கை மரத்தடியில் நட்ட ஒரு கல்தான் அவர்களுடைய பெரியசாமி. மற்ற நாளெல்லாம் அவனும் எல்லோரையும் போலச் சாமை விதைப்பான், புளி உலுக்குவான், ஜீப் பிடிக்க ஒரு மணி நேரம் நடப்பான். பூசாரி என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே அடையாளம் ஒரு பாட்டு.

அவன் கூட்டத்தார் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும் பாட்டு அது. காஞ்சியை விட்டுப் புறப்பட்ட ஏழு அண்ணன் தம்பிகள் எந்த ஆற்றைக் கடந்தார்கள், எந்தப் பாறையில் படுத்தார்கள், எந்தச் சுனையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினார்கள், யார் எங்கே விழுந்து செத்தார்கள் என்று இடம் இடமாக, ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டே மலைக்கு ஏறி வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவில் பெரியசாமி முன்னால் பாட வேண்டும். அப்போது வெளியாள் ஒருத்தரும் எல்லைக்குள் இருக்கக் கூடாது. ஊரில் யாராவது செத்தாலோ அதே பாட்டைத் திருப்பிப் பாட வேண்டும், மலையிலிருந்து காஞ்சிவரை. செத்தவர் அந்த வழியே இறங்கிப் போய் முன்னோரோடு சேருவார். பாட்டில் ஓர் அடியைக்கூட விடக் கூடாது. விட்டால் அந்த அடியில் இருக்கிற முன்னோர் வழியிலேயே நின்றுபோவார் என்பது அவர்கள் நம்பிக்கை. நாலு வருடத்துக்கு முன்பு அருணகிரி தன் அப்பனையும் அந்தப் பாட்டோடுதான் அனுப்பி வைத்தான்.

போன மாசியில், புளி உலுக்கும் நேரத்தில், ஜீவானந்தம் மலைக்கு வந்தார். கீழே ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மஞ்சுளா இறந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு காசிக்குப் போயிருக்கிறார், நாகூருக்குப் போயிருக்கிறார், வேளாங்கண்ணியில் ஒரு வாரம் தங்கியிருக்கிறார், பத்து நாள் பேசாமல் உட்காரும் முகாமுக்கும் போயிருக்கிறார். எங்குமே நெஞ்சு நிறையவில்லையாம். கோயிலுக்குப் பக்கத்துக் குடிசையில் தங்க இடம் கேட்டார். அருணகிரி கொடுத்தான். ஒரு வாரம் என்று வந்தவர் இரண்டு மாதம் இருந்தார்.

"நாம எங்க இருந்து வந்தோம், செத்தவங்க எங்க போறாங்க. இந்த ரெண்டு கேள்விக்காகத்தான் மனுஷன் சாமியவே கண்டுபிடிச்சான்னு முப்பது வருஷம் கிளாஸ்ல சொன்னேன் அருணகிரி. மஞ்சுளா போனதும் அது வெறும் வாய்ப்பேச்சாப் போச்சு" என்றார் ஒருநாள்.

"எங்க ஜனத்துக்கு அது ரெண்டு கேள்வி இல்லிங்க சார், ஒண்ணுதாங்க. வந்த எடத்துக்கே போய்ச் சேர்றது" என்றான் அருணகிரி.

அதைக் கேட்டு அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அருணகிரிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து, ஊரில் கேள்விப்பட்டிருந்த அந்தப் பாட்டைப் பாடிக்காட்டச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். வேடிக்கை பார்க்கக் கேட்கவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"வாணாங்க. சாமி விசயம். மழை, வெள்ளாமைன்னு எது கேட்டாலும் சொல்லுங்க, இத மட்டும் வாணாம்" என்றாள் காந்தா.

அருணகிரி கேட்கவில்லை. பெரியசாமி முன்னால் ஜீவானந்தத்தைக் கொண்டுபோய் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினான். அவர் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். "என் காதுக்கு மட்டும்தான். தாளில் ஏத்த மாட்டேன்" என்றார். திரும்பக் கேட்டு மனசை ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று போனில் பதிந்துகொள்ள அனுமதி கேட்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கேட்கிறான், அதற்கும் சரி என்றான்.

உச்சிவெயிலில் பாடினான். காஞ்சியில் கல்வீடு கட்டி, சொந்த ஏர் பிடித்து, ஊருக்கே நெல் அளந்த பெருமையிலிருந்து தொடங்கினான். இந்தப் பெருமையெல்லாம் இவருக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அடி விடக் கூடாதே. ஒன்றரை மணி நேரம் முழுசாகப் பாடினான். முடித்த பிறகு அவன் யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தான். பாட்டைத் திருப்பினான். மலையிலிருந்து இறங்கி, ஆறெல்லாம் கடந்து, கடைசி அடியில் மஞ்சுளாவின் பெயரைச் சேர்த்தான். வெளியாள் ஒருத்திக்கு அந்த வழி திறந்தது அதுதான் முதல் தடவை. ஜீவானந்தம் அவன் காலில் விழப்போனார். இவன் பதறிப்போய்த் தடுத்தான்.

அந்த இரண்டு மாதத்தில் அருணகிரியின் மகள் ரேணுகாதேவிக்கு நர்சிங் படிப்புக்கான விண்ணப்பத்தை அவரே தன் போனில் நிரப்பிக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்று கொடுத்தால் சேரலாம். மலையில் மற்றப் பிள்ளைகளுக்கு நாலைந்து நாளில் வந்துவிடும் தாள்தான் அது. ரேணுகாவுக்கு மட்டும் வரவில்லை. தகப்பனும் மகளும் நேரில் விசாரணைக்கு வர வேண்டும் என்று புதன்கிழமைக்குக் கடிதம் வந்தது.

அடிவாரத்து அலுவலகத்தில் அதிகாரி அம்மா மேசை மேல் ஒரு புத்தகம் வைத்திருந்தார். யாரோ அதை ஒரு மொட்டைக் கடுதாசியோடு அனுப்பியிருந்தார்கள். அவர் நடுப் பக்கத்தைத் திறந்து அருணகிரி பக்கம் திருப்பினார். வேங்கை மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான் அருணகிரி. கலர் படம்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க" என்றான்.

"காஞ்சியில கல்வீடு, சொந்த ஏர், ஊருக்கே நெல் அளந்தவங்க. அங்கிருந்து மலைக்கு ஏறி வந்தோம்னு நீங்களே பாடியிருக்கீங்க. அடிக்கு அடி இதுல இருக்கு. கீழ இருந்து போன விவசாயிங்களுக்கு மலைவாசின்னு நான் எப்படிச் சான்று கொடுக்கறது? வேற யாரும் சொல்லியிருந்தா விட்டுடுவேன். இது உங்க வாய்."

அப்போதுதான் அறையின் ஓரத்து நாற்காலியைக் கவனித்தான். புத்தகம் எழுதியவர் என்று ஜீவானந்தத்தையும் வரவழைத்திருந்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை.

இன்னொரு கோப்பில் கையெழுத்து வாங்க யாரோ வந்தார்கள். அதிகாரி அம்மா இவர்களைக் கால் மணி நேரம் வெளியே இருக்கச் சொன்னார். ரேணுகா தண்ணீர் குடிக்கப் போனாள். நடைபாதையில் அருணகிரி அவர் எதிரில் போய் நின்றான்.

"இன்னா சார் இது?"

"சத்தியம் பண்றப்ப உண்மையாத்தான் பண்ணேன் அருணகிரி. வீட்டுக்குப் போய் தினம் கேட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒருத்தனே வெச்சிக்கிட்டா பாவம்னு பட்டுது. உலகமே தேடுற பதில் இது."

"ஒலகம் எங்கிட்ட வந்து கேக்கல சார். நீதான் கேட்ட. அழுதுக்கினு கேட்ட. ஒன்ன நம்பி எங்க வூட்டு வழியக் காட்டுனேன். நீ ஊர் ஜனத்தையே இஸ்துக்கினு வந்து வுட்டுட்டியே."

மூன்று வார்த்தைக்கு ஒருமுறை 'ங்க' போட்டுப் பேசியவன் வாயில் 'நீ' வந்துவிட்டது. அதை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

"எந்த ஜனமும் மண்ணுல முளைக்கல. எல்லாரும் எங்கிருந்தோ நடந்து வந்தவங்கதான். அதை நான் அந்த அம்மாகிட்ட எடுத்துச் சொல்றேன்" என்றார் ஜீவானந்தம்.

"சொன்னா எம் பொண்ணுக்குத் தாள் கெடைக்குமா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரே வழிதான் இருக்கு. பாட்டு நெஜமில்ல, எனக்காக நீங்களே கட்டினதுன்னு சொல்லிடுங்க. நானும் ஒத்துக்கறேன். என் புத்தகம் போனாப் போகட்டும்."

அருணகிரி அவரையே பார்த்தான். ஏமாற்றின மனிதரே ஏமாற்றவும் சொல்லித் தருகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

"புத்தகம் போறது இருக்கட்டும். பாட்டு இல்லன்னு நான் சொல்லிட்டா எங்கப்பன் எந்த ஆத்தங்கரையில நிப்பாரு? ஒங்க மஞ்சுளாம்மா எங்க நிப்பாங்க?"

ஜீவானந்தத்தின் முகம் வெளிறிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். ரேணுகா அப்பனை ஒட்டி உட்கார்ந்தாள். வியர்வையில் நனைந்த பிளாஸ்டிக் உறையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதில் அவளுடைய மதிப்பெண் பட்டியல் இருந்தது. பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் தங்கிப் படித்து வாங்கியது. அருணகிரி அந்த உறையைப் பார்த்தான்.

"அந்தப் பாட்டு பொய்ங்க மேடம்" என்றான்.

"பொய்யா?"

"சார் ரெண்டு மாசம் எங்கூர்ல இருந்தாரு. பொண்டாட்டி செத்துட்டாங்கன்னு அழுதுக்கினே இருந்தாரு. பாவமா இருந்திச்சி. எதுனா சொன்னா ஆறுதலா இருக்கும்னு நானே கட்டிவுட்டேன்."

"காஞ்சி?"

"பஸ்ல பேரு பாத்திருக்கேன். போனதில்லிங்க."

"அப்போ உங்க முன்னோருங்க எங்கிருந்து வந்தாங்க?"

"எங்க இருந்தும் வரலிங்க. எப்பவும் இங்கியேதான்."

அதிகாரி அம்மா ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்டேன், வேறு யாரிடமும் சரிபார்க்கவில்லை, தவறு என்னுடையது என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னவனும் எழுதினவரும் இல்லை என்ற பிறகு புத்தகத்துக்கு என்ன மரியாதை? வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார்கள். 'மேற்படி பாடல் என்னால் கற்பனையாகப் புனையப்பட்டது' என்று இருந்தது. அருணகிரி எழுத்துக்கூட்டிப் படித்தான். அதன் கீழே கையெழுத்துப் போடும்போது அவன் மனசுக்குள் பாட்டு தானாக ஓடியது. ஒவ்வோர் அடியிலும் ஓர் ஆள் நின்று திரும்பிப் பார்த்தார். அவன் பேனாவை அழுத்திப் போட்டான்.

ஜீவானந்தம் வாசல்வரை பின்னாலேயே வந்தார். அருணகிரி திரும்பவில்லை. காறித் துப்பத் தோன்றியது, துப்பவில்லை. துப்புகிற யோக்கியதை தனக்கும் போய்விட்டதாக அவனுக்குப் பட்டது.

ஒடுகத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக அவன் மனசுக்குள் ஒன்றைத் திட்டம் போட்டுக்கொண்டு வந்தான். ஜீப் நிற்கும் இடத்தில் இறங்கி நடக்கும்போது, யாரும் இல்லாத இடத்தில், மகளை நிறுத்தி வைத்துச் சொல்லிவிட வேண்டும். பாட்டு சத்தியம்மா, உனக்காகத்தான் இல்லையென்று சொன்னேன், நீ ஒருத்தி நம்பினால் போதும், நின்றவர்கள் எல்லோரும் மறுபடி நடந்துவிடுவார்கள் என்று சொல்ல வேண்டும். அவள் அழுவாள். தானும் அழுதுவிடலாம். அதை நினைத்தால்தான் மூச்சு சீராக வந்தது.

ரேணுகாவின் போன் சத்தம் போட்டது. பார்த்தாள். "வந்திடிச்சிப்பா! அப்ரூவ்டுன்னு போட்டிருக்கு" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு மாதமாக அவள் முகத்தில் இருந்த கவலை ஒரே நொடியில் போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்ப்பா."

"இன்னா தெரியும்?"

"பாட்டு கட்டுக்கதைன்னு. ஏழாவது படிக்கிறப்பவே தோணிச்சி. கைக்கொழந்தைய வெச்சிக்கினு அம்மாந்தூரம் எவன் நடந்து வருவான்? தாத்தா செத்தப்ப நீ பாடினியே, எல்லாரும் அழுதாங்க, எனக்கு மட்டும் அழுகையே வரல. நான் மட்டும்தான் கெட்டவளா இருக்கேன்னு நெனச்சிக்கினேன். ஒம் மனசு நோவுமேன்னு இத்தினி நாளா வாயத் தொறக்கல. இன்னிக்கி நீயே மேடம்கிட்ட உண்மையச் சொன்னதும் எனக்கு அப்பிடியே பாரம் எறங்கிச்சி."

அருணகிரி அவளைப் பார்த்தான். அவள் பொய் சொல்லவில்லை. இப்போது வாயைத் திறந்து நிஜத்தைச் சொன்னால், நாளைக்கு எவன் எங்கே கேட்டாலும் இவளும் தன்னைப் போலப் பொய் சொல்லியே பிழைக்க வேண்டும். சொல்லாவிட்டால் இவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஜீவானந்தம் எடுத்ததை வைது தீர்க்கலாம். இவள் எதையும் எடுக்கவில்லை, இவளிடம் அது ஒருநாளும் இருந்ததே இல்லை.

"நெசமாவே கட்டுன கதைதானாப்பா? எல்லாமே?" என்று ஆவலாகக் கேட்டாள்.

அலுவலகத்தில் கேட்டபோது அவனுக்கு வேறு வழியில்லை. இங்கே யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

"ஆமாம்மா, கதைதான்" என்றான்.