பானைத் தெருவில் பச்சை விளக்கு

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. பாங்காக்கின் பான் மோ எலக்ட்ரானிக் கடைத்தெருவில், சாலிடர் கம்பி வாங்க நின்ற இடத்தில். கம்பி வாங்கினேனா என்று கேட்காதீர்கள். நினைவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: "லம்யோங் தன் படகுக்குச் சரியான டிரைவரைத் தேடி வந்தாள்." அடித்துவிட்டேன். படிக்கிறவர் உடனே காக்கிச் சட்டை போட்ட ஒருவரைப் படகில் ஏற்றிவிடுவார். இந்த டிரைவர் ஒரு பெட்டி. எல்இடி விளக்குக்குக் கரண்டை அளந்து ஊட்டுகிற பெட்டி.

அடுத்த முயற்சி: "கடல் பச்சையாக மின்னிய அந்த—" வேண்டாம். கடலை வர்ணித்தால் கோபம் ஆறிப்போகும். எனக்கு அது சூடாக வேண்டும்.

2

லம்யோங் பிரான் ஆற்று முகத்துவாரத்தில் கணவாய் மீன் பிடிக்கும் படகு வைத்திருப்பவள். டீசல் மிச்சமாகும் என்று பழைய பல்புகளைக் கழற்றிவிட்டுப் பெரிய பச்சை எல்இடிகளை வாங்கினாள். ஒவ்வொன்றின் முதுகிலும் "36 வோல்ட், 3 ஆம்பியர்" என்று அச்சடித்திருந்தது. பான் மோவில் ஹியா ஹுவாட் கடையில் (ஹியா என்றால் அண்ணன்) விளக்கைக் காட்டி, "இதுக்கு மோ ப்ளேங் குடுங்க" என்றாள்.

(மோ என்றால் பானை. மோ ப்ளேங், மாற்றும் பானை. டிரான்ஸ்பார்மர், அடாப்டர், டிரைவர் எல்லாமே இங்கே பானைதான். பான் மோ என்ற பெயருக்கே பானை ஊர் என்றுதான் பொருள். பானை ஊரில் பானை கேட்டால் எந்தப் பானை என்று யாராவது கேட்க வேண்டாமா? விற்பவர் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.)

ஹியா முப்பத்தாறை மட்டும் படித்தார். முப்பத்தாறு வோல்ட் பானைகளை எடுத்துக் கொடுத்தார். விளக்குகள் ஜொலித்தன, படகு ஆட்கள் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன. சாவதற்கு முன் இன்னும் பிரகாசமாக எரிந்ததை லம்யோங் பார்த்திருந்தாள்.

இப்போது தேய்பிறை. நிலா இல்லாத இரவுகளில்தான் கணவாய் விளக்கைத் தேடி வரும். இருட்டுப் படகில் எந்த ஆள் நிற்பான்? நாளைக்கே பக்கத்துப் படகில் ஏறிவிடுவான். மிச்சமிருந்த ஒரே விளக்கையும் ஒரு பானையையும் மடியில் வைத்துக்கொண்டு வேன் ஏறி வந்துவிட்டாள்.

"ஹியா, உங்க பானை என் விளக்கையெல்லாம் தின்னுடுச்சு."

ஹியா நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலை தூக்கவில்லை. "பானை நல்லாத்தான் இருக்கு, ஜே." (அக்கா என்கிறார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.) "விளக்கு மட்டம். இல்லன்னா உப்புக்காத்து. படகுல மாட்டினா கடல்தான் பொறுப்பு."

"கடல்கிட்டயா நான் பானை வாங்கினேன்?"

"முப்பத்தாறு போட்டிருந்துச்சு, முப்பத்தாறு குடுத்தேன்."

"பக்கத்துல மூணுன்னும் போட்டிருந்துச்சே. அது என்ன, அழகுக்கா?"

"அது உங்க விளக்கு திங்கற அளவு. எனக்கெதுக்கு அது?"

3

முதல் பிரதியில் ஹியாவை மோசடிக்காரர் ஆக்கியிருந்தேன். அது பொருந்தவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாப் பானையும் பானைதான் என்று மனசார நம்புகிறார். அதுதான் என் வயிற்றெரிச்சல். மோசடிக்காரரிடம் பேரம் பேசலாம். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன பேசுவது?

* விஷயம் இவ்வளவுதான். பெரிய எல்இடி, பந்தியில் உட்கார்ந்த பேராசைக்காரன். உடம்பு சூடேறச் சூடேற இன்னும் கேட்பான். ஹியா கொடுத்த, வோல்ட்டை மாறாமல் வைக்கும் பானை, கேட்டதையெல்லாம் கொட்டும். தின்று தின்றே சாவான். கரண்டை மாறாமல் வைக்கும் பானைதான் அவனுக்கு டிரைவர். மூன்று ஆம்பியருக்கு மேல் கரண்டியைத் தூக்காது. இரண்டும் ஹியாவின் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

4

"சரி, இங்கயே எரிய விடுங்க" என்றாள் லம்யோங். "இங்க கடலும் இல்ல, உப்பும் இல்ல. நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எரியட்டும். தாங்குச்சுன்னா பேசாம வேன் ஏறிடறேன். செத்துச்சுன்னா, சரியான பானைங்களக் குடுத்துட்டு, தெருவுக்கே கேக்கற மாதிரி நீங்க ஒண்ணு சொல்லணும். 'எந்தப் பானைன்னு நான் கேட்டிருக்கணும்'னு."

"ஒரு விளக்குக்கு இத்தனை பேச்சா?"

"கடைசி விளக்கு, ஹியா."

அவரே மாட்டினார். வீம்புக்குக் கரண்ட் மீட்டரையும் கோத்தார். சுவிட்ச் அவர் பக்கம் இருந்தது. கடை முழுக்கப் பச்சை.

"கிண்ணத்துல கறி பச்சையாயிடுச்சே, ஹியா. வேகலயா?" என்றாள் லம்யோங்.

வாசலில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள். மீட்டரில் மூன்று. ஹியா நூடுல்ஸை உறிஞ்சினார். மூன்றரை.

"ஆரம்பத்துல கொஞ்சம் ஏறும்" என்றார்.

"கொஞ்சம்னா?"

நான்கு. சாப்ஸ்டிக்குகள் நின்றன.

5

முடிவு ஒன்று: ஹியா கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன், என் பேனாவே நம்பவில்லை.

முடிவு இரண்டு: லம்யோங் பானையைத் தூக்கி அவர்மேல்— இல்லை. அவள் அதற்கா வேன் ஏறி வந்தாள்?

மிச்சம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அணைத்தால் விளக்கு பிழைக்கும். ஆனால் "சூடாச்சு, அணைச்சேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்ணத்துக்குள் குனிவார். அணைக்காவிட்டால் அவள் ஜெயிப்பாள், சரியான பானைகளோடும் ஒரு விளக்கும் இல்லாமலும். தப்பை நிரூபிக்கத் தப்புக்கு ஆளானவளே தன் கடைசி விளக்கைக் கொளுத்த வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? இதற்கு என்னால் முடிவு எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம், ஹியாவின் இடத்தில், நீங்கள் போய் நில்லுங்கள். சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும். மீட்டர் நான்கரையைத் தாண்டிவிட்டது, லம்யோங் விளக்கைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள்.

"சாப்பிடுங்க, ஹியா" என்கிறாள். "ஆறிடப் போகுது."