ஓர் அம்பைத் திருப்பினேன்

பக்கத்து இருக்கைக்காரனுக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அமுக்குணி. சேர்ந்து நான்கு மாதமாகிறது. கேட்டால் ஒரு வார்த்தை பதில், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. இந்த மாதிரி ஆட்களை நான் நம்புவதில்லை.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறவர்கள். எந்த யோசனை வந்தாலும் முதலில் கணினியில் உள்ள பொதுப் பலகையில் கிறுக்கிவைப்போம்: கட்டம், அம்புக்குறி, ஓரத்தில் மஞ்சள் குறிப்பு. பலகையை யார் திறந்து பார்த்தாலும் அவர் பெயர் மூலையில் தெரியும். ஒரு வாரமாக நான் சாப்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் என் பலகையின் மூலையில் அமுக்குணியின் பெயர்.

அது நோயாளிகளுக்கு நினைவூட்டல் செய்தி அனுப்பும் முறைக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் போட்ட படம். வெள்ளிக்கிழமை மேலாளரிடம் காட்ட வேண்டும். குழுத் தலைவர் பதவி எனக்கா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும். போன வருடம் என் படம் இன்னொருவர் பெயரில் மேடையேறியது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். மறுபடியும் இளிச்சவாயாக இருக்க எனக்குத் தெம்பில்லை.

"யாராவது குடிச்சிடுவாங்கன்னு பால் பாட்டில்லயே கோடு போட்டு வைக்கிறவதானே நீ," என்றார் கணவர். "நேரா கேட்டுடேன் அவன்கிட்ட."

"கேட்டா உஷாராயிடுவான்."

புதன்கிழமை பொறி வைத்தேன். முன்பதிவை ரத்து செய்தால் 'நிறுத்து' என்ற கட்டத்துக்குப் போக வேண்டிய அம்பை 'நினைவூட்டல் அனுப்பு' பக்கம் திருப்பிவிட்டேன். இந்தத் தப்பு யார் வேலையில் தலைகாட்டுகிறதோ அவன்தான் திருடன். வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கு முன் அம்பைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனேன்.

மேலாளர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். எதிரே அமுக்குணி.

"பலகையில உங்க படத்தை முன்னாடியே பாத்தேன், ரொம்பப் பிடிச்சிருந்தது," என்றார் என்னிடம். "அதைப் பாத்து மாதிரிக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுங்கன்னு இவரைப் போன வாரமே சொல்லிவச்சேன். நேத்து முதலாளிக்கு ஓட்டிக் காட்டினா, ரத்து பண்ணவங்களுக்கெல்லாம் 'நாளைக்கு வாங்க'ன்னு செய்தி போகுது. மானம் போச்சு. இவ்வளவு தெளிவா படம் இருந்தும் தப்பா எழுதுறவரை வேலையில வச்சுக்கணுமா?"

அமுக்குணி சுவரிலிருந்த பெரிய திரையில் என் பலகையை வெகுநேரம் பார்த்தான்.

"நான்தான் மாத்திப் பாத்துட்டேன் போல சார். அக்கா போட்டா சரியாத்தான் இருக்கும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி எனக்கு. கொஞ்ச நேரம் மூடிக்கொண்டும் இருந்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிறகு பலகையில் சேமிப்பாகியிருந்த புதன்கிழமைப் பதிப்பைத் திறந்து அந்த அம்பைக் காட்டினேன்.

"தப்பா போட்டது நான். வேணும்னே போட்டேன். இவர் என் படத்தைத் திருடுறாரோன்னு பாக்க."

அமுக்குணிக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் படத்தின் முதல் கட்டத்திலிருந்து ஒவ்வோர் அம்பாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, மீதி அம்பெல்லாம் சரிதானா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.