கெய் வீட்டு நொய்யரிசி

கரண்ட் போன அன்றுதான் மாசாம்பா கெய்க்குத் தன் வீட்டு அடுப்படியில் இரண்டு வருடமாக நடந்துவந்த சங்கதி தெரிய வந்தது. மற்ற நாட்களில் அரிசி ஆலையில் இயந்திரம் மதியம் இரண்டு மணி வரை ஓடும். அதை நிறுத்திவிட்டு, கை கால் கழுவித் தொழுதுவிட்டு அவர் வீடு வந்து சேரும்போது மீன்சோறு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, நடுவில் மீனும் மரவள்ளியும் கத்தரிக்காயும் அடுக்கித் தயாராக இருக்கும். உட்கார வேண்டியது, சாப்பிட வேண்டியது. அடுப்படிப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பதினோரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. திரும்பி வர மாலையாகும் என்று சொன்னார்கள். வேர்த்து விறுவிறுத்துப் புழக்கடை வழியாக உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி தாபா முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு சாக்கிலிருந்து அரிசியை அள்ளி அள்ளி முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். சாக்கின் மேல் இரண்டு பச்சைக்கிளிகள் அச்சடித்திருந்தன. சந்தேகமே வேண்டாம், அது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் கப்பலரிசிச் சாக்கு.

இதில் என்ன இருக்கிறது, இந்தத் தேசத்தில் எந்த வீட்டில்தான் கப்பலரிசி பொங்கவில்லை என்று கேட்கலாம். மற்றவர்கள் வீடு வேறு, மாசாம்பா வீடு வேறு. ஆற்றுக் கால்வாயை நம்பி நெல் போடும் ஐந்து கிராமத்துக்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து வைத்த ஆலைக்கு அவர்தான் பொறுப்பாளர். வேலையில் அமர்த்தியபோது தலைநகருக்கு அனுப்பி ஆறு வாரம் படிக்க வைத்தார்கள். நெல்லை உடையாமல் அரைப்பதுதான் அந்த ஆறு வாரப் பாடம். மனிதர் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். நூறு பருக்கைக்குத் தொண்ணூறு முழுசாக வரும்வரை இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். யார் வந்தாலும் ஒரு கை அள்ளிக் காட்டுவார். முத்துப் பல் மாதிரி நீளநீளமாக, வெள்ளைவெளேரென்று இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். ஆனால் ஒருத்தரும் வாங்கித் தின்னவில்லை. சான் லூயி நகரத்துக் கடைக்காரர்கள் வாங்கிப்போன மூட்டைகளை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஆலைக்குள் கூரை முட்ட இருநூறு மூட்டை கிடந்தது. அடுத்த அறுவடைக்குள் அது போகாவிட்டால் ஆலையை மூடுவது என்று சங்கத்தில் பேசி முடித்துவிட்டார்கள். மூடினால் பழைய கதைதான். லாரிக்காரன் வரப்பில் வந்து நின்று சொல்கிற விலைக்கு நெல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதே வாரம் கடையில் போய்க் கப்பலரிசி வாங்கித் தின்ன வேண்டும்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை பள்ளிக்கூடச் சாப்பாடு. வட்டாரத்துப் பதினோரு பள்ளிக்கூடத்துக்கும் உள்ளூர் அரிசி வாங்கலாமா என்று நகரசபை யோசித்துக்கொண்டிருந்தது. முந்தைய தலைவராக இருந்தால் ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் கட்டினால் போதும். இப்போதிருக்கும் தலைவி கினே தியாம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். ஆடும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "புள்ளைங்க சாப்பிடற சோறு. சமைக்கறவங்க தின்னு பாத்துச் சொல்லட்டும். பள்ளிக்கூட மைதானத்துல, எல்லாரும் பாக்க." வியாழக்கிழமை சோதனை. அன்றைக்குத் திங்கள். இந்த நேரத்தில் ஆலைக்காரன் வீட்டு அடுப்படியில் பச்சைக்கிளிச் சாக்கு!

"தாபா, இது என்ன?"

அவள் திருதிருவென்று முழிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். "அரிசி. இன்னிக்கு என்ன சீக்கிரம்? கரண்ட் போச்சா?"

"என்ன அரிசின்னு கேக்கறேன்."

"திங்கற அரிசிதான்."

"ஊரூராப் போயி நம்ம அரிசிய வாங்குங்க, வாங்குங்கன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத் திரியறேன். என் வீட்டு அடுப்புலயே கப்பலரிசியா? வியாழக்கெழமைக்குள்ள இது வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிப் போயிடும். அடிப்பாவி, உனக்கு என்னடி கொறை வச்சேன்?"

தாபா சிரிக்க ஆரம்பித்தாள். தலைத்துணி நழுவி விழுகிற மட்டும் சிரித்தாள். அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "கெய்," என்றாள். பிரியம் வந்தால் அவள் அவரைக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "சாக்க ஏன் பாக்கறீங்க? கைய உள்ள விட்டு அள்ளுங்க. மோந்து பாருங்க."

அவர் அள்ளினார், மோந்தார். கால்வாய்த் தண்ணீரும் வண்டலும் புது நெல்லும் கலந்த வாசனை. கண்ணைக் கட்டி விட்டாலும் அவருக்கு அது தெரியும்.

"சாக்குதான் கப்பல்ல வந்தது, கடையில வெறுஞ்சாக்கா வாங்கினேன்," என்றாள் தாபா. "அரிசி உங்களோடது."

"என்னுதா? என் ஆலையில இப்படியா வரும்? பூரா நொய்யி!"

"டெம்பாவோட கோழிப்பண்ணைக்கு அள்ளிக் குடுக்கறீங்களே, அந்த நொய்யிதான்."

சல்லடையில் கீழே விழுகிற உடைசலை அவர் ஒரு மூலையில் குவித்து வைப்பார். அந்த மூலையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. மாதம் ஒருமுறை டெம்பா வந்து அள்ளிப்போவான். அதற்கு முன்னால் தாபா போய் வீட்டுக் கோழிக்கு என்று ஒரு கூடை எடுத்து வருவாள். அந்தக் கூடை கோழிக்குப் போகவே இல்லை. கல் பொறுக்கி, தவிடு புடைத்து, முதலில் ஆவியில் ஒரு வேக்காடு வைத்து, அப்புறம் மீன்குழம்பில் போட்டுப் பொங்கியிருக்கிறாள். நொய் என்றால் குழம்பை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொள்ளும். தாத்தா காலத்திலிருந்து கப்பலில் நொய்தான் வந்தது. ஊர் முழுக்க நொய்யைத் தின்று பழகிய நாக்கு.

"அப்ப இந்த ரெண்டு வருஷமா நான் தின்னது?"

"கோழித் தீவனம்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாசாம்பாவுக்குக் காது மடல் சுட்டது. விருந்தாளிகளை உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் அளந்த அளப்பு கொஞ்சமா நஞ்சமா? நம்ம ஆலை அரிசி, எந்தக் கப்பலரிசிக்கு வரும் இந்த ருசி, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

தாபாவின் சிரிப்பு நின்றது. "எப்படிங்க சொல்றது? மொத ஒரு மாசம் அந்த முழு அரிசியத்தான் பொங்கிப் போட்டேன். ஒரு வாய் வச்சிட்டு நல்லாருக்குன்னீங்க. மூஞ்சி மட்டும் செத்துப் போயிருந்துச்சு. ஆனாலும் மறுநாள் யாரோ ஆபீசர் வந்தப்ப, கல்யாணப் பொண்ணக் காட்டற மாதிரி அதை ரெண்டு கையிலயும் ஏந்திக் காட்டினீங்க. எனக்கு மனசு வரல."

சாப்பாடு வந்ததும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மீனின் நல்ல பகுதியை அவள் பிய்த்துப் பிய்த்து அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். வழக்கத்தைவிட அன்று இரண்டு கவளம் கூடவே இறங்கியது. அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. பிறகு வேப்பமரத்தடியில் மூன்று சுற்று டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தார். ஆறு வாரம் பாடம் எடுத்த அந்தக் கண்ணாடிக்கார மனிதர், இந்த அரிசியை யார் எப்படித் தின்பார்கள் என்று ஒரு நாளாவது கேட்டாரா? அவரை ஏன் சொல்ல வேண்டும், தான் கேட்டோமா? தன் வீட்டு அடுப்புக்கும் ஆலைக்கும் எத்தனை தூரம்? நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் விடிந்ததும் அவரே உட்கார்ந்து மூலையில் கிடந்த நொய்யைச் சலித்தார். தாபா கல் பொறுக்கினாள். ஒரு மூட்டையைத் தலைவியிடம் கொண்டுபோய், இதையும் ஒரு அண்டாவில் பொங்கிப் பாருங்கள் என்றார். கினே தியாம் அவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்க ஆலையில அரைச்சதுதானே? அப்ப வைக்கலாம்," என்று எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று அண்டா. பக்கத்து ஊர்ப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள். எந்த அண்டாவில் எந்த அரிசி என்பது மூடியின் அடியில் கட்டிய சீட்டில் இருந்தது, தலைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவள் யாசின் செக். பதினோரு பள்ளிக்கூடச் சமையல்காரிகளுக்கும் அவள்தான் தலைமை. கல்யாணமோ பெயர் வைப்போ, அவள் கரண்டி பிடித்தால்தான் விருந்து என்று பெயர் வாங்கியவள். கெய் குலமும் செக் குலமும் முறைக்காரர்கள். ஒருத்தரை ஒருத்தர் கண்ட இடத்தில் கேலி பேசி வாரலாம், கோபிக்கக் கூடாது.

"வந்துட்டான்யா சோத்துக்குன்னே பொறந்தவன்!" என்று தூரத்திலிருந்தே ஆரம்பித்தாள் யாசின். "கெய் வம்சம் வந்தாச்சு, அண்டாவ இறுக்கி மூடுங்கடி!"

"செக் வம்சத்துக்காரி ருசி பாத்தாளுன்னா மூடி மட்டுந்தான் மிஞ்சும், அக்கா," என்றார் மாசாம்பா. கூட்டம் சிரித்தது.

முதல் அண்டாவில் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்ட யாசின், "கப்பலு. சுமார் ரகம், மக்கல் வாடை," என்றாள். இரண்டாவதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள். "இது நம்ம கெய்யோடது. பாருங்க, ஒவ்வொரு பருக்கையும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது, ஒரு வீட்டுச் சக்களத்திங்க மாதிரி. கொழம்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம்." மூன்றாவதில் ஒரு கவளம் எடுத்தாள். இன்னொரு கவளம். பிறகு உட்கார்ந்தே விட்டாள். நான்கு கவளம் ஆன பிறகு விரல்களை நக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "இதுய்யா அரிசி! கப்பலரிசின்னா இப்படி இருக்கணும். எந்தக் கம்பெனின்னு பாத்து இதையே வாங்குங்கம்மா. கெய், மனசுல வச்சுக்காத தம்பி. புள்ளைங்க வயிறு."

கினே தியாம் மூடியைத் திருப்பிச் சீட்டைப் பிரித்து வாசித்தாள். "மாசாம்பா கெய். ஆலை."

யாசின் இடுப்பில் கையை வைத்தாள். "ஏன்டா, இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

புது ரகம் என்று சொல்லியிருக்கலாம். இயந்திரத்தை மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே நாக்கு நுனி வரைக்கும் வந்தன. தாபா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோழிக்குப் போட்டுக்கிட்டிருந்தேன், அக்கா," என்றார் மாசாம்பா. "இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. என் பொண்டாட்டி."

சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் குருவியெல்லாம் பறந்தது. யாசின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். தாபா துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவி மட்டும் நோட்டைப் புரட்டினாள். "வாரம் நாப்பது மூட்டை வேணும். திங்கக்கெழமை பள்ளிக்கூடம் தொறக்குது. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மொத வாரத்து மூட்டைய என் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்து. இல்லேன்னா இந்த வருஷமும் கப்பலரிசிதான். உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"ஆறு."

"மீதி?"

"டெம்பாகிட்ட இருக்கு. அதாவது, டெம்பாவோட கோழிங்ககிட்ட."

ஞாயிறு காலை தாபாவையும் ஏற்றிக்கொண்டு குதிரை வண்டியில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனார். டெம்பா தலையில் அடித்துக்கொண்டான். "கோழி வாயிலேருந்து புடுங்கித் திங்கற காலம் வந்துடுச்சா, அண்ணே? இதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாலும் கொட்டகையைத் திறந்து, இருந்த இருபத்திரண்டு மூட்டையையும் தானே வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். "எம் பேத்தியும் அந்தப் பள்ளிக்கூடந்தான்," என்றான்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் தாபா, "பன்னெண்டு கொறையுதுங்க," என்றாள்.

மாசாம்பா குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆலையில இருநூறு மூட்டை கெடக்குல்ல."

"அது முழு அரிசி ஆச்சே."

"இயந்திரத்தைக் கொஞ்சம் இறுக்கி இன்னொரு தடவ ஓட்டினா உடையும்."

அந்தப் பருக்கைகளை உடையாமல் கொண்டுவர அவர் பட்ட பாடு தாபாவுக்குத்தான் தெரியும். "மனசுக்கு வருத்தமா இல்லியா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லாம இருக்குமா?" என்றார். "இருந்துட்டுப் போவட்டும். சாயங்காலத்துக்குள்ள உடைச்சுடலாம். நீ பக்கத்துல நில்லு, போதும். எவ்வளவு பொடி ஆகணும்னு எனக்குத் தெரியாது."

பட்டப்பகலில், நாலு பேர் போய் வருகிற பாதையில், தாபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் செய்யாத காரியம். பின்னால் ஏதோ சலசலப்புக் கேட்டு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டையொன்றின் ஓட்டையிலிருந்து பாதை நெடுக நொய் சிந்திக்கொண்டு வந்தது. டெம்பாவின் கோழிகள் முப்பது நாற்பது, வேலியைத் தாண்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு, விடாமல் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தன.