றஹ்மத் உம்மா சொல்லாத வரிகள்

இன்னொருவருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா என்று முஃபீதாவைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். கொடுத்தது யாருக்கு? ஹுனைஸ் மச்சானுக்கு. மாமி றஹ்மத் உம்மாவின் மகன், நோன்பு முடிய அவளுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன். வீடியோக்களுக்குச் சப்டைட்டில் போடும் வேலையை அவளுக்குக் காட்டித் தந்ததே அவன்தான். இணையத்தில் அதற்கான மென்பொருளைத் திறந்து, கணக்கை அவள் பெயரிலேயே பதிந்து, "ஒண்ட பேர்லயே இரிக்கட்டும் புள்ள, பாடுபடுறது நீதானே" என்றான். அந்தப் பெருந்தன்மையில் மனம் குளிர்ந்துபோனாள், பைத்தியக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்குத் தனித்தனிச் சாவி எதற்கு?

கற்பிட்டிக் கரையில் றஹ்மத் உம்மாவும் இன்னும் பதினெட்டுப் பெண்களும் கருவாடு காயப்போடும் வாடி இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள், வெறுங்கரையில் கம்பு நட்டு ஓலை வேய்ந்து உண்டாக்கிய இடம். காணிக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. இப்போது ஹோட்டல் கட்ட ஒரு கம்பனி அந்தக் கரையைக் கேட்டது. விசாரணைக்கு வரும் காணி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பெண்களுக்கோ மீன் விற்கிற அளவுக்குச் சிங்களம் வாயில் வரும், ஓர் எழுத்துக் கூட வாசிக்க வராது. அதனால் அவர்கள் பேசுவதை ஹுனைஸ் படமெடுத்தான். சிலாபத்தில் சிங்கள மீடியத்தில் படித்த முஃபீதா அடியில் சிங்களம் போட்டாள்.

மூன்று நாள் வேலை. மென்பொருள் தானாகக் கேட்டு எழுதிய தமிழ் கண்டபடி இருந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சு அதற்கு எங்கே விளங்கப் போகிறது? அத்தனையையும் அழித்துவிட்டுத் தன் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதினாள். ஒவ்வொரு வரியையும் உதடசைத்து வாசித்துப் பார்த்து, அது எந்த நொடியில் தோன்ற வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும் என்று இழுத்து இழுத்துப் பொருத்தினாள். ஓரிடத்தில் மாமி சொன்னார்: "தொண்ணூறுல ஒருக்கா ஓடி வந்தம். இன்னொருக்கா ஓட ஏலா." அதன் பிறகு மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த இடைவெளியிலும் வரியை மறைக்காமல் விட்டாள். அதிகாரி ஆற அமர வாசிக்கட்டும் என்று நினைத்தாள். வியாழன் பின்னேரம் வேலையை முடித்து ஹுனைஸிடம் ஒப்படைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. "நீ வரத் தேவல்ல, வெயில்ல அலையாத" என்று ஹுனைஸ் சொல்லியிருந்தான். மாமிதான் விடாப்பிடியாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

திரையில் தங்கள் முகத்தைக் கண்ட பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். மாமியின் முறை வந்ததும் அடங்கினார்கள். "இன்னொருக்கா ஓட ஏலா" என்றது மாமியின் குரல். அடியில் சிங்களத்தில் ஓடியது வேறு: 'வேறு இடம் தந்தால் சந்தோஷமாகப் போவோம்.'

முஃபீதா கதிரை நுனிக்கு நகர்ந்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இந்த வாடியால்தான் தன் பிள்ளைகள் மூன்று பேரும் ஆளானார்கள் என்கிறாள் அடுத்தவள். அடியில், 'ஹோட்டலில் வேலை தந்தால் போதும்.' வரிகள் அவள் வைத்த இடத்தில், அவள் வைத்த நொடியில் தோன்றி மறைந்தன. சொல் மட்டும் அவளுடையதில்லை.

படம் முடிந்ததும் அதிகாரி இலேசான சிங்களத்தில் கேட்டார். "இதில் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னதுதானே? சரியென்றால் கையை உயர்த்துங்கள்."

பத்தொன்பது பேரும் உயர்த்தினார்கள். றஹ்மத் உம்மா இரண்டு கையையும் உயர்த்தினார். அடப் பாவமே, தங்கள் வாடியைத் தாங்களே தூக்கிக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள்.

முஃபீதா எழுந்தாள். "எழுதிக்கொள்ள வேண்டாம் சேர்" என்று அதிகாரியிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள். "கைய எறக்குங்க. வாடிய உட்டுட்டுப் போறம் எண்டு நீங்க சொல்றதாத்தான் அதுல எழுதியிரிக்கி."

கைகள் இறங்கின. ஹுனைஸ் கொஞ்சமும் பதறவில்லை. மடிக்கணினியை அதிகாரியின் பக்கம் திருப்பிவைத்தான். "எழுதினது இவதான் சேர். யாரு எப்ப மாத்தின எண்டு இதுல விழும்" என்று இரண்டு மொழியிலும் சொன்னான். மாறியிருந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் முஃபீதா, முஃபீதா என்றே நின்றது. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐம்பது. "அந்த நேரம் நான் ஜும்ஆத் தொழுகையில. ஊர் ஆம்பிளையள் எல்லாரும் பள்ளியிலதானே."

பெண்களின் பார்வை அவள் மேல் விழுந்தது. அப்படி ஒரு பார்வையை அவள் அவர்களிடம் கண்டதில்லை.

"பாஸ்வேட் ஒங்களுக்கும் தெரியும்தானே மச்சான்" என்றாள்.

"தெரியும். நான் தொடல்ல" என்றான், வாய் கூசாமல்.

ஹோட்டல்காரர்கள் அவனுக்குப் படமெடுக்கும் உத்தியோகம் கொடுக்கப் போவதாக ஊரில் கதை அடிபட்டபோது, அவனுக்காக மூன்று பேரோடு சண்டை பிடித்தவள் அவள். இப்படியா கழுத்தறுப்பான் ஒரு மனிதன்?

றஹ்மத் உம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எந்த நேரம் மகன்? வெள்ளி, ஜும்ஆ நேரமா?"

"ஓம் உம்மா."

"ஆம்பிளையள் ஜும்ஆவுக்குப் போனா நாங்கதானே வாடிக்குக் காவல். இந்தப் புள்ள எனக்கிட்ட நிண்டு சாளை பொரட்டின. நீங்க எல்லாம் பள்ளியால வந்த பொறகுதான் ஊட்டுக்குப் போன. கையில போனும் இல்ல."

"ஓம், நாங்களும் நிண்டம்" என்றார்கள் பின்னாலிருந்த பெண்கள்.

முஃபீதா அதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவர் பேனையை மூடினார். விசாரணையைத் தள்ளிவைப்பதாகவும், அடுத்த முறை சிங்களம் போடுவதற்கு வெளியாள் ஒருவரைத் தானே கொண்டுவருவதாகவும் சொன்னார். அவளையும் சேர்த்துத்தான் ஒதுக்கினார்.

றஹ்மத் உம்மா மகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஜும்ஆவயும் உட்டுட்டு இருந்து, எண்ட வாயில இதயா மகன் வெச்ச?"

இல்லை உம்மா என்று ஒரு பொய்யாவது சொல்லுவான் என்று முஃபீதா காத்திருந்தாள். ஹுனைஸ் குனிந்து, மடிக்கணினியின் வயரைச் சுற்றத் தொடங்கினான்.